வலப்பக்க ஜன்னலுக்கும் கடல் காட்டிய கன்னியப்பன்

பூஞ்சேரி கன்னியப்பன் கடந்த செவ்வாய்க்கிழமை காலையில் காலமானார். வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும் உயிர் பிரிந்துவிட்டது. மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு வேன்களை வைத்துக்கொண்டு, கடற்கரைச் சாலையோடு வேடந்தாங்கல், கோடியக்கரை, மன்னார் வளைகுடா வரை ஜனங்களை அழைத்துப்போய்க் காட்டி, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டவர் அவர். நான் அவருக்கு நேர் எதிரே அதே தொழிலை நடத்துகிறவன். எதிர்க்கடைக்காரன் எழுதும் அஞ்சலியில் என்ன இருக்கப்போகிறது என்று சிலர் நினைக்கலாம். ஒரு மனிதரின் தொழிலைப் பற்றி அவருடைய வாடிக்கையாளருக்குத் தெரியாததெல்லாம் போட்டியாளனுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

செய்தி எனக்கு வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். உறவுக்காரர்கள் யாரும் சொல்லவில்லை. கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வசந்தா என்ற அம்மையார் போன் செய்தார். அவருடைய கணவர் அங்கே உத்தியோகத்தில் இருக்கிறார். வருடா வருடம் கன்னியப்பனின் வேனில் சுற்றுலா போகிற குடும்பம்.

"சார், கன்னியப்பன் தவறிட்டாராமே, நிஜமா? அவர் போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கலை. சனிக்கிழமை கோடியக்கரைக்கு அவர்கிட்ட புக் பண்ணியிருக்கோம், நாலு குடும்பம். இப்ப இதைக் கேக்கறது நல்லா இல்லைதான். நீங்க அந்த ட்ரிப்பை எடுத்துப்பீங்களா?"

"விசாரிச்சிட்டுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். வெளியே வந்து சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். ஷட்டர் மூடியிருந்தது. 'தேன்மொழி வேன் சர்வீஸ்' என்ற பலகையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சீசன் நேரத்தில் அந்த ஷட்டர் அப்படி மூடிக் கிடந்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் நம்பினேன்.

அவரை எனக்கு முதலில் தெரிய வந்த காலத்தில் என்னிடம் வண்டியே கிடையாது. கடற்கரைக் கோயில் பக்கம் வெயிலுக்குத் தொப்பி விற்றுக்கொண்டிருந்தேன். நாலைந்து தொப்பிகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு, மீதியைக் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேன்களை நோக்கி ஓடுவேன். மற்ற வேன்காரர்கள் விரட்டுவார்கள். கன்னியப்பன் விரட்ட மாட்டார். அதற்காக அன்பாகவும் பேச மாட்டார்.

"தொப்பி, கீழ நின்னுகினு வில்லு. படி ஏறுன, கயிறோட இட்டுகினு போயி பாலாத்துல வுட்ருவேன்" என்பார். பிறகு வண்டிக்குள் திரும்பி, "வெயில் ஜாஸ்தியா கீது. வேணும்ன்றவங்க எறங்கி வாங்கிக்கோங்க. வாணாம்ன்றவங்க வாணாம்" என்று பொதுவாகச் சொல்வார். வியாபாரம் எனக்கு நடக்கும். அவருடைய வண்டிக்குள் தொந்தரவும் இருக்காது. இரண்டு பக்கமும் நஷ்டமில்லாமல் ஒரு வரியில் பேசி முடிக்கும் அந்தச் சாமர்த்தியம் எனக்குப் பிடித்தது. அன்று முதல் கடைசி வரை அவருக்கு நான் 'தொப்பி'தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

தொப்பியிலிருந்து சங்குச் சாமான், சங்கிலிருந்து வாடகை சைக்கிள் என்று மெல்ல மேலே வந்து, பழைய வேன் ஒன்றை வாங்கினேன். ஆபீஸ் போட இடம் தேடியபோது அவருக்கு நேர் எதிரில்தான் கிடைத்தது. பூஜை போட்ட அன்று சாலையைக் கடந்து வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். உள்ளே நுழையாமல் வாசலில் நின்று என்னுடைய வண்டியைச் சுற்றிப் பார்த்தார். சக்கரத்தை ஓர் உதை உதைத்தார்.

"எதிர்லயே வந்துட்டியா. வா. ஆனா இந்த டயரோட பாலாறு தாண்டாத, பேஜாராயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டயர் தாங்கியது. ஃபேன் பெல்ட் அறுந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பத்தை முதலியார்குப்பம் படகுத்துறைக்கும் அங்கிருந்து புதுச்சேரிக்கும் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். பாலாற்றின் மேல் இருக்கும் வாயலூர்ப் பாலம் ஏறும் முன்பே வண்டி நின்றுவிட்டது. உச்சி வெயில். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. குழந்தைகள் அழுகின்றன, பெரியவர் ஒருவர் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அப்போது புதுச்சேரியில் ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த கன்னியப்பன் எதிரில் வந்து நிறுத்தினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பயணிகளைப் பார்த்து, "ஏறுங்க. அவுரு வண்டி ரெடியாவட்டும், அதுவரைக்கும் நான் ஓட்றேன்" என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே மறுபடி போனார். படகுத்துறை, புதுச்சேரி எல்லாவற்றையும் காட்டி முடித்துத்தான் திரும்பினார்.

மறுநாள் அந்தக் கோயம்புத்தூர்ப் பெரியவரே எனக்குப் போன் செய்தார். கன்னியப்பனிடம் அவருடைய நம்பரைக் கேட்டாராம். "நம்பரா? நின்னுகினு இருந்துச்சே ஒரு வண்டி, அதுல எழுதிக்கீது" என்று என்னுடைய நம்பரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்று நான் சாலையைக் கடந்து போனேன். "அண்ணாத்தே, இதுக்கு நான் இன்னா செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணியும் செய்ய வாணாம். என் வண்டி ரோட்ல நின்னா, நீ ஏத்திக்கோ. ஏத்திகினா உன் கார்டு குடுக்காத. நின்ன வண்டியோட ஜனம் நின்ன வண்டியோட ஜனம்தான். அவ்ளோதான் ரூலு."

எழுத்தும் கையெழுத்தும் இல்லாத அந்த ஒரு சட்டம்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஒப்பந்தம். நாளடைவில் எங்கள் ஸ்டாண்டில் இருக்கும் எல்லா வேன்களுக்கும் அது பொதுவானது. மரக்காணத்தில் நின்றாலும் மதுராந்தகத்தில் நின்றாலும், பின்னால் வரும் எங்கள் ஊர் வண்டி ஏற்றிக்கொள்ளும், கார்டு கொடுக்காது.

இதைப் படித்துவிட்டு அவரைச் சாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அடுத்த வருடமே, நான் பேசி முடிக்கும் நிலையில் வைத்திருந்த ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலாவை அவர் வாடகையைக் குறைத்துச் சொல்லித் தட்டிக்கொண்டு போனார். கோபமாகப் போய்க் கேட்டேன். தட்டில் இருந்த இட்லியைப் பிட்டுக்கொண்டே, "இன்னா பிரச்சன உனுக்கு? ரூலு நின்ன வண்டிக்குதான். ரெண்டு வண்டியும் ஓடிகினு இருந்தா போட்டிதான். உக்காரு, நாஸ்தா துன்னுட்டுப் போ" என்றார். உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்கடுத்த வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை.

வேடந்தாங்கலுக்குச் சவாரி எடுத்தால், முந்தின நாள் ஏரிக்கரை டீக்கடைக்குப் போன் போட்டு, "தண்ணி கீதா?" என்று கேட்பார். ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டால் பறவை இல்லை. அப்படியானால் வாடிக்கையாளரைத் தாமே கூப்பிட்டு, "இந்த வருசம் வாணாங்க" என்று சொல்லிவிடுவார். மழை பொய்த்த ஒரு வருடம் என்னையும் கூப்பிட்டுச் சொன்னார். "எனக்கு ஏன் சொல்றீங்க? நான் போய் ஏமாந்தா உங்களுக்கு நல்லதுதானே?" என்று கேட்டேன்.

"உன்னைத் திட்டிட்டுப் போனா நல்லதுதான். ஆனா ஜனங்க உன்னைத் திட்ட மாட்டாங்க, எடத்தத் திட்டுவாங்க. வேடந்தாங்கல்ல ஒண்ணுமே இல்லன்னு நாலு பேருகிட்ட சொன்னா, அடுத்த வருசம் எனுக்கும் சவாரி வராது, உனுக்கும் வராது."

அதுதான் கன்னியப்பன். அவருடைய நல்ல காரியங்களுக்கெல்லாம் அடியில் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கும். அந்தக் கணக்கு எதிராளிக்கும் சேர்த்துப் போட்டதாக இருக்கும்.

பறவைகளின் பெயர் அவருக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவும் மாட்டார். யாராவது கேட்டால், "பேரு உள்ள போர்டுல போட்டுக்கீது சார். வண்டி பத்தி கேளுங்க, சொல்றேன்" என்பார். கோடியக்கரையில் மான் தெரியுமா என்று கேட்டால், "காடு நம்ம கையில இல்ல. வந்தா பாப்போம்" என்பார். 'மான்கள் நிச்சயம்' என்று நான் நோட்டீஸ் அடித்த காலத்திலும் அவர் அதைச் சொன்னதில்லை. மன்னார் வளைகுடாவில் கண்ணாடி அடிப் படகில் பவளப்பாறை காட்ட ஆட்களை அனுப்பிவிட்டு, அவர் மட்டும் கரையில் நிற்பார். வாழ்நாள் முழுக்கக் கடலோரமாகவே வண்டி ஓட்டியவருக்குப் படகு என்றால் பயம். வசந்தா அம்மா ஒருமுறை கையைப் பிடித்து இழுத்தும் ஏறவில்லையாம். "தரையில ஓட்றவனுக்குத் தண்ணியில இன்னா வேல? நீங்க பாத்துட்டு வந்து எனுக்குச் சொல்லுங்க" என்றாராம்.

இனி ஜன்னல் விஷயம். எங்கள் ஊரிலிருந்து தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம். வண்டி முழுக்க இடப்பக்க ஜன்னலுக்குச் சண்டை நடக்கும். வலப்பக்கம் உட்கார்ந்தவர்களிடம், திரும்பும்போது உங்களுக்கு என்று எல்லாரும்தான் சொல்வோம். ஆனால் திரும்புவது இருட்டிய பிறகு. ஒரு நாள் தங்கும் செலவு மிச்சம் என்பதால் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். வலப்பக்கத்து ஆட்கள் தூங்கிக்கொண்டே வருவார்கள். கன்னியப்பன் மட்டும் வேதாரண்யத்தில் தங்க வைத்து, காலையில் வண்டியை எடுப்பார். கடற்கரைச் சாலை என்று பெயரே தவிர, பாதித் தூரம் சவுக்குத் தோப்பும் மதில் சுவரும் மறைத்துக்கொள்ளும். கடலோ கழிமுகமோ கண்ணில் படும் இடம் வந்தால் வேகத்தைக் குறைத்து, "ரைட் சைடு, பாத்துக்கோங்க" என்று ஒரு குரல் கொடுப்பார். அவ்வளவுதான். வேறு விளக்கம் கிடையாது.

"எதுக்கு அண்ணாத்தே ஒரு நாள் தண்டம்?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"சொன்னோம் இல்ல, வர்றப்ப உங்களுக்குன்னு. சொல்லிட்டு இருட்டுல இட்டாந்தா, அதுக்குப் பேரு இன்னா?" என்றார்.

குறைகளும் இருந்தன. கோபம் அதிகம். சரணாலயத்துப் பக்கம் வந்ததும் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கத்துவார். அதனாலேயே இளவட்டங்கள் என்னிடம் வந்தார்கள். இணையத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லி மகள் தேன்மொழி எவ்வளவோ சொன்னார். தேன்மொழிக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் உத்தியோகம், ஊரப்பாக்கத்தில் குடித்தனம். மகள் பேச்சைக் கேட்காமல், போன் நம்பர் ஒன்று போதும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். இணையத்தில் பதிவு செய்து ஸ்டார் வாங்குகிறவன் நான். இறப்பதற்கு முந்தின நாள்கூட சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னா தொப்பி, இன்னிக்கு எத்தினி ஸ்டார் குட்த்தாங்க?" என்று என்னைக் கிண்டல் செய்தார். "உங்களுக்கு ஒண்ணுகூட இல்லியே அண்ணாத்தே" என்றேன். "எனுக்கு எதுக்கு? நான் பகல்ல ஓட்றவன்" என்று சிரித்துக்கொண்டே ஷட்டரை இறக்கினார். அதுதான் அவரிடம் நான் கேட்ட கடைசிப் பேச்சு.

புதன்கிழமை அடக்கம் முடிந்தது. மறுநாளே செங்கல்பட்டிலிருந்து ஒரு பழைய வண்டி புரோக்கர் துக்கம் கேட்க வந்தார். கன்னியப்பனின் மனைவி அஞ்சலை அம்மாளிடம் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு, தேன்மொழியைத் தனியே அழைத்தார்.

"ரெண்டு வண்டியையும் நானே எடுத்துக்கறேம்மா. அப்பாவோட போன் நம்பரையும் சேத்துக் குட்த்துடு. உனுக்கும் உத்தியோகம் கீது, இதுல இன்னா செய்யப்போற?"

நான் பந்தலில்தான் உட்கார்ந்திருந்தேன். வண்டியை விட நம்பர்தான் பெரிது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கன்னியப்பன் ஆயுள் முழுக்கச் சம்பாதித்த ஜனங்கள் எல்லாரும் அந்த ஒரு நம்பரில்தான் இருக்கிறார்கள். சீசனில் ஒரு வாரம் அதை எடுக்க ஆளில்லை என்றால், வசந்தா அம்மாவைப் போல ஒவ்வொருவராக வேறு ஆபீஸுக்குப் போன் போடுவார்கள். பிறகு அந்தப் பலகை வெறும் தகரம்தான். அந்த ஜனங்களில் பாதிப்பேர் சாலையைக் கடந்து என்னிடம் வருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு என் மனதில் ஓடவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

புரோக்கர் போன பிறகு தேன்மொழி என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கையில் அப்பாவின் போன். அது அடித்துக்கொண்டே இருந்தது.

"மாமா, நீங்க சொல்லுங்க. வித்துடறதா?"

"நீ இன்னா நெனைக்கிற?"

"எனுக்குத் தெரியல மாமா. அழுதுகினே எப்டி முடிவு எடுக்கறது? வேலைய வுட்டுட்டு வர்றதும் லேசு இல்ல. ஆனா அந்தாளு நம்பரக் கேட்டப்ப வயிறு எரிஞ்சிது. எனுக்குக் கொஞ்ச நாள் வேணும். அதுக்குள்ள எல்லாம் போயிடும்ன்றாரு."

புரோக்கர் சொன்னது உண்மை. அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வாசலில், பாதி கழுவிய நிலையில் அந்த வேன் அப்படியே நின்றது. இடப்பக்கம் பளிச்சென்று இருந்தது, வலப்பக்கத்தில் புழுதி. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. இது ரோட்டில் நின்ற வண்டி. இதற்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது.

"சாவியக் குடு தேனு. சனிக்கிழம கோடியக்கரை சவாரிய நான் ஓட்றேன். உங்கப்பா வண்டியிலயே."

"உங்க வண்டியில இல்லாம ஏன் மாமா?"

"என் வண்டியில என் நம்பர் எழுதிக்கீது, அதுவே கார்டு குடுத்த மாதிரி. எங்க ரூலு உனுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று தலையாட்டினார். அந்த வீட்டில் அது எல்லாருக்கும் தெரியும்.

டிரைவர்களை வைத்துக்கொண்ட பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொட்டு வெகுகாலம் ஆகிறது. கிளம்புவதற்கு முன் வலப்பக்கத்தை நானே கழுவினேன். வாயலூர்ப் பாலம், மரக்காணத்து உப்பளங்கள், கடலூர், நாகப்பட்டினம் என்று வழி முழுக்க நல்ல வெயில். வண்டியில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை. கோடியக்கரையில் மான் தெரியுமா என்று ஒரு குழந்தை கேட்டபோது, "வந்தா பாப்போம்" என்றேன். வாய் தானாகவே சொல்லிவிட்டது. சாயங்காலம் தூரத்தில் நாலைந்து வெளிமான்கள் வந்து நின்றன. பார்த்தோம். வேதாரண்யத்தில் தங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்தேன். வசந்தா அம்மா வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். வருடா வருடம் அவர் கேட்டு வாங்கும் இடம் அதுதானாம். முதலியார்குப்பம் கழிமுகம் வந்தபோது வேகத்தைக் குறைத்தேன். தண்ணீர் முழுக்க வெளிச்சம். குரல் கொடுக்க வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து வசந்தா அம்மாதான் மெதுவாக, "ரைட் சைடு, பாத்துக்கோங்க" என்றார். வண்டியில் இருந்த தலைகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. அந்தத் திருப்பத்தில்தான் கன்னியப்பன் இல்லை என்பது எனக்கு முழுதாக உறைத்தது.

கல்பாக்கத்தில் இறங்கும்போது அந்த அம்மா கேட்டார்: "ரொம்ப நன்றி சார். இனிமே உங்ககிட்டயே புக் பண்ணிடறோம். உங்க கார்டு ஒண்ணு குடுங்க."

சட்டைப் பையில் கார்டு இருந்தது. எப்போதும் இருக்கும்.

"நம்பர் வண்டியில எழுதியிருக்கும்மா" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். 'தேன்மொழி வேன் சர்வீஸ்', அதன் கீழே அந்தப் பழைய நம்பர். பிறகு கைகூப்பிவிட்டுப் போனார்.

பூஞ்சேரிக்கு வந்து சாவியைத் தேன்மொழியிடம் கொடுத்தேன். அஞ்சலை அம்மாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தேன்மொழி, "நின்ன வண்டி எத்தினி நாளைக்கு மாமா நின்ன வண்டி?" என்று கேட்டார். அப்பாவின் மகள். தர்மத்துக்குச் செய்கிறீர்களா என்று கேட்கவில்லை, கெடு கேட்டார். இருவரும் வாசலில் நின்றே பேசி முடித்தோம்.

அண்ணாத்தே, நிம்மதியாகப் போய் வாருங்கள். உங்கள் வண்டி நிற்கிறது, அவ்வளவுதான். ஜனங்கள் பத்திரமாக இருக்கிறார்கள். உங்கள் மகளோடு நான் பேசி ஒப்புக்கொண்டது இது: சீசன் முடிந்து வேடந்தாங்கலில் பறவைகள் கிளம்பும் வரை உங்கள் சவாரிகளை உங்கள் வண்டியில் நான் ஓட்டுவேன். போனைத் தேன்மொழி எடுப்பார். வரும்படி அந்த வீட்டுக்கு. பலகை மாறாது. என்னுடைய கார்டு ஒருவர் கைக்கும் போகாது. திரும்புவது பகலில். அதற்குள் தேன்மொழி விற்பதாக முடிவெடுத்தால் முதலில் என்னைக் கேட்க வேண்டும். தாமே நடத்துவதாக முடிவெடுத்தால், அவருடைய வண்டி ஓடத் தொடங்கும் அன்றிலிருந்து போட்டி.